யூரின் ரிப்போர்ட்டில் ‘கீற்றோன்’: அந்த ஒரு வரியை எப்படி வாசிப்பது?

மலையகத்தில் அரச வைத்தியசாலையின் கிளினிக் ஆனாலும் சரி, நகரத்துத் தனியார் ஆய்வுகூடம் ஆனாலும் சரி, ‘யூ.எஃப்.ஆர்.’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறுநீர் முழுப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொள்ளாதவர்கள் குறைவு. காய்ச்சல் விடாமல் நீடித்தால் அதை எழுதுகிறார்கள். இடுப்பு வலி என்றாலும், கர்ப்பிணித் தாய் முதல் தடவை கிளினிக்குக்கு வந்தாலும், சீனி வருத்தக்காரர் மாதாந்த மருந்துக்கு வந்தாலும் அதையே எழுதுகிறார்கள். கையில் கிடைக்கும் அந்தச் சிறிய தாளில் அல்புமின், சீனி, பித்தம், சிவப்பணு என்ற வரிகளுக்கு நடுவே ‘கீற்றோன் பொடீஸ்’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான தாள்களில் அதற்கு நேரே ‘நில்’, அதாவது ‘இல்லை’, என்று இருப்பதால் யாருடைய கண்ணும் அங்கே நிற்பதில்லை. அந்த இடத்தில் ஒரு பிளஸ் குறியோ இரண்டு பிளஸ் குறிகளோ விழுந்த பிறகுதான் கேள்விகள் தொடங்குகின்றன.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். நோய் இன்னதென்று முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் வைத்தியரின் பொறுப்பு. அளந்து எழுதிக் கொடுப்பதுடன் என் வேலை முடிந்துவிடுகிறது. ஆனாலும் ரிப்போர்ட்டை வாங்கியவர்கள் வைத்தியரைப் பார்ப்பதற்கு முன்னால் எங்களிடம்தான் கேட்கிறார்கள். “மிஸ், இதுல பிளஸ் ரெண்டு போட்டிருக்கே, கிட்னி பழுதாகிட்டா?” என்று முகம் வெளிறிப்போய்க் கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கீற்றோன் என்பது சிறுநீரகம் பழுதானதற்கான அடையாளம் அல்ல என்பதைத்தான். சிறுநீரகம் பழுதடையும்போது வைத்தியர்கள் சிறுநீரில் தேடுவது அல்புமினை. இரத்தத்தில் தேடுவது கிரியற்றினினை. கீற்றோனோ ஈரலில் உருவாகி, இரத்தத்தில் கூடி, அங்கே மிஞ்சியது சிறுநீரில் வடிகிறது. அதை வடித்து வெளியே தள்ளும் சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் சிறுநீரகம் இல்லை என்று கேட்டவுடன் ‘அப்படியானால் ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாகத் தாளை மடித்து வைப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகக் கவலை வருகிறது. ஒரே இரண்டு பிளஸ் குறி, விரதம் இருந்த ஒருவருக்கு ஒரு வேளைச் சோற்றுடன் மறைந்துபோகும். இன்சுலின் ஊசியைத் தவறவிட்ட ஒருவருக்கு அன்றிரவே வைத்தியசாலைக்குப் போகாவிட்டால் உயிரே போகலாம். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை எழுதத்தான் இந்தப் பதிவு.

நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் கிழங்கும் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. சதையி சுரக்கும் இன்சுலின்தான் அந்தக் குளுக்கோசைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் செலுத்துகிறது. சாப்பிடாத நேரத்துக்கென்று ஈரல் கொஞ்சம் குளுக்கோசைக் கிளைக்கோசனாகச் சேர்த்து வைத்திருக்கும். அது ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு உடம்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கரைந்து வரும் கொழுப்பமிலத்தை ஈரல் எடுத்து அசெற்றோஅசெற்றிக் அமிலம், பீற்றா ஐதரொக்சிபியூற்றிரிக் அமிலம், அசெற்றோன் என்று மூன்று பொருள்களை உண்டாக்குகிறது. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் கீற்றோன் என்று பெயர். இது உடம்பு செய்யும் தவறு அல்ல. மூளையால் கொழுப்பமிலத்தை நேரடியாக எரிபொருளாகக் கொள்ள முடியாது, கீற்றோனைக் கொள்ள முடியும். பல வாரங்கள் உணவில்லாமல் இருந்தவர்களுடைய மூளை தனக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியைக் கீற்றோனிலிருந்தே பெறுகிறது என்பதை 1967 இல் அமெரிக்காவில் ஓவன், காஹில் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் அளந்து காட்டினார்கள். மனிதர்கள் பஞ்சங்களைத் தாண்டி வந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

பட்டினி கிடக்கும் ஆரோக்கியமான உடம்பிலும் இன்சுலின் கொஞ்சம் சுரந்துகொண்டுதான் இருக்கும். அந்தக் கொஞ்சம் இன்சுலின், கொழுப்பு கட்டுமீறிக் கரையாதபடி பார்த்துக்கொள்கிறது. ஆகவே கீற்றோன் ஓர் அளவு வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். இன்சுலின் அறவே இல்லாத உடம்பில் அப்படி நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. இரத்தத்தில் குளுக்கோசு நிரம்பி வழிந்தாலும் கலங்களுக்குள் போக வழியில்லாததால், சாமான் அறை நிறைய அரிசி இருந்தும் சாவி தொலைந்துபோனதால் பட்டினி கிடக்கும் குடும்பத்தைப் போல, உடம்பு பட்டினி என்றே நினைத்துக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டே போகிறது. மூன்றில் முதல் இரண்டும் அமிலங்கள் என்பதால் இரத்தம் அமிலமாகிறது. மிஞ்சிய சீனி சிறுநீருடன் வெளியேறும்போது தண்ணீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போவதால் உடம்பு வறண்டுபோகிறது. இரண்டும் சேர்ந்த இந்த நிலையைத்தான், அதாவது நீரிழிவால் கீற்றோன் கூடி இரத்தம் அமிலமாவதைத்தான், வைத்தியர்கள் சுருக்கமாக ‘டீ.கே.ஏ.’ என்கிறார்கள். ஆக, கீற்றோன் வரியில் பிளஸ் குறியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த உடம்பில் போதிய இன்சுலின் இருக்கிறதா என்பதுதான். அதற்குப் பதில் அந்த வரியில் இல்லை. அதே தாளிலுள்ள சீனி வரியிலும், அந்த நேரத்து இரத்தச் சீனி அளவிலும், ஆளின் நிலைமையிலும்தான் இருக்கிறது.

பயமில்லாத கீற்றோன் நம் ஊரில் நிறையவே உண்டு. கந்தசஷ்டி நாள்களில் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள், கேதாரகௌரி விரதத்தில் ஒரு வேளை மட்டும் உண்பவர்கள், விடியற்காலையில் சீனியில்லாத சாயத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கொழுந்துக்குப் போய்ப் பகல் வரை மலை ஏறி இறங்குகிறவர்கள், காய்ச்சலில் இரண்டு நாளாக எதையும் வாயில் வைக்காத பிள்ளைகள் ஆகியோரின் சிறுநீரில் மிகச் சிறிய அளவிலோ ஒரு பிளஸ் அளவிலோ கீற்றோன் இருப்பது இயல்பு. பிள்ளைகளுக்கு ஈரலின் சேமிப்புக் குறைவு என்பதால் பெரியவர்களைவிட விரைவில் வந்துவிடும். விடியற்காலை முதல் சிறுநீர் செறிவாக இருப்பதால் அதில் இன்னும் சற்று அதிகமாகத் தெரியும். சீனி வரியில் ‘நில்’ என்றிருந்து, ஆளும் தெளிவாக நடமாடினால், சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த பிறகு அது தானாகவே போய்விடும். காய்ச்சல் பிள்ளை சோர்ந்து விழுந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ கதை வேறு. அங்கே கீற்றோனைவிடப் பிள்ளையின் இரத்தச் சீனி இறங்கிவிட்டதா, உடம்பு வறண்டுவிட்டதா என்பதை உடனடியாகப் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் உடம்பு சாதாரண காலத்தைவிட விரைவாகக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காலையில் சிறுநீரைக் கொடுத்தாலே கீற்றோன் தெரியலாம். மசக்கை வாந்தி கடுமையாக உள்ளவர்களுக்குப் பிளஸ் குறிகளின் எண்ணிக்கையை வைத்து வருத்தத்தின் கடுமையை மதிப்பிடுவது நீண்ட காலமாக இருந்து வந்த பழக்கம். பிரித்தானியாவின் மகப்பேற்று வைத்தியர்களின் றோயல் கல்லூரி 2024 இல் புதுப்பித்த வழிகாட்டியில் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லியிருக்கிறது: சிறுநீர்க் கீற்றோன் உடம்பு வறண்டதைக் காட்டும் அளவுகோல் அல்ல, வாந்தியின் கடுமையையும் அதை வைத்து அளக்கக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. தாய் எதையாவது உள்ளே வைத்துக்கொள்கிறாரா, கர்ப்பத்துக்கு முன்பிருந்த நிறையில் எவ்வளவு குறைந்திருக்கிறது, சிறுநீர் போகிறதா, எழுந்து நிற்க முடிகிறதா என்பவைதான் அளவுகோல்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இரு பக்கமும் இருக்கிறது. ‘கீற்றோன் இல்லை, ஆகவே பரவாயில்லை’ என்று வாந்தியால் துவண்டுபோன ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கீற்றோன் ஒரு பிளஸ் இருப்பதைக் கண்டு, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைச் ‘சேலைன் போட வேண்டும்’ என்று பயமுறுத்தவும் கூடாது. பல நாள்களாக வாந்தி எடுத்தவர்களுக்கு விற்றமின் பி1 ஐக் கொடுத்த பிறகுதான் குளுக்கோசுச் சேலைனை ஏற்ற வேண்டும் என்பது வைத்தியசாலைகளில் கவனிக்கப்படும் ஒரு முக்கியமான ஒழுங்கு. பி1 குறைந்த உடம்பில் குளுக்கோசு மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். நீரிழிவு உள்ள கர்ப்பிணியின் விடயம் முற்றிலும் வேறு. அவருக்கு டீ.கே.ஏ. வேகமாக வரும், சீனி அவ்வளவாக ஏறாமலும் வரும். கீற்றோன் இருந்து உடம்புக்கும் முடியாமல் இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இனி, என் மனத்தில் இந்தப் பதிவின் நடுவிடமாக இருக்கும் விடயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் மேல் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய், மகளுடைய சிறுநீரைச் சிறிய மருந்துப் போத்தலில் கொண்டு வந்தார். நிறம் மாறுவதை வைத்துச் சிறுநீரைச் சோதிக்கும் பட்டியை அதில் நனைத்து எடுத்துக் குறித்த நேரம் வருவதற்கு முன்பே கீற்றோன் சதுரம் வெளிர்மண் நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாகி, கத்தரிப்பூ நிறமாகி, அடர்ந்த ஊதாவாகிவிட்டது. பக்கத்தில் இருந்த சீனிச் சதுரமும் பட்டிப் போத்தலில் அச்சிட்டிருக்கும் கடைசி நிறத்துக்குப் போய்விட்டது. “பிள்ளை எங்க அக்கா?” என்று கேட்டேன். “லயத்துல படுத்திருக்கா மிஸ். ரெண்டு மூணு நாளா வயித்து வலி, சத்தி. கேஸ்டிரிக்குக்கு மருந்து குடுத்தோம், கேக்கல. இப்ப இழுப்பு மாதிரி மூச்சு வாங்குறா,” என்றார். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறாளா, இரவில் பல தடவை எழும்புகிறாளா என்று கேட்டபோது, ஒரு மாதமாகவே அப்படித்தான் என்றும், பள்ளிக்கூடச் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றும் சொன்னார். ரிப்போர்ட்டை அச்சிட நான் காத்திருக்கவில்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கச் சொல்லி, வைத்தியசாலையில் காட்டுவதற்குப் பட்டியின் முடிவை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு, சதையி இன்சுலினைச் சுரக்காமல் போகும் முதலாம் வகை நீரிழிவு இருப்பது அன்றுதான் தெரியவந்தது. இன்று அவள் ஊசியுடன் பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்தத் தாய் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் டீ.கே.ஏ.யின் பாடப்புத்தக அடையாளம். இரத்தம் அமிலமாகும்போது வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது. நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் அதற்குக் கேஸ்டிரிக் என்று பெயர் வைத்து, கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அமிலத்தை வெளியேற்ற உடம்பு ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகிறது. 1874 இல் ஜெர்மானிய வைத்தியர் அடொல்ப் குஸ்மால் நீரிழிவு மயக்கத்தில் கிடந்தவர்களிடம் இந்த மூச்சைக் கவனித்து எழுதியதால் இன்றும் அது அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. குளிரும் பனியும் உள்ள இடத்தில் அதை ‘வீசிங்’ என்று நினைத்துவிடுவது மிகவும் எளிது. ஆனால் இழுப்புக்காரரின் மூச்சில் கேட்கும் விசில் சத்தம் இதில் இருக்காது. நெஞ்சு தெளிவாக இருக்கும், மூச்சு மட்டும் பெருமூச்சாக இருக்கும். வாயில் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாசனையோ, நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாசனையோ வரலாம். அது மூச்சுடன் வெளியேறும் அசெற்றோன். எல்லாருடைய மூக்குக்கும் அது எட்டாது என்பதால், வாசனை இல்லை என்பதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். தண்ணீர்த் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு, படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைப்பது ஆகியவற்றுடன் வாந்தியும் சேர்ந்தால், விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அந்தக் கருவி இன்று பல தோட்ட டிஸ்பென்சரிகளிலும் மருந்துக்கடைகளிலும் இருக்கிறது.

ஏற்கனவே இன்சுலின் போடுகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. வாந்தியோ காய்ச்சலோ வந்து சாப்பிட முடியாமல் போன நாளில், “சாப்பிடவே இல்ல, ஊசி எப்படிப் போடுறது? சீனி இறங்கிடுமே” என்று ஊசியை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான், சீனி இறங்கி மயங்கியவர்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் காய்ச்சலின்போதும் கிருமித்தொற்றின்போதும் உடம்பு இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் ஹோர்மோன்களை அதிகமாகச் சுரக்கிறது. சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறுகிறது. அந்த நேரத்தில் ஊசியையும் நிறுத்தினால் கீற்றோனுக்குக் கதவைத் திறந்து விட்டதாகிவிடும். முதலாம் வகை நீரிழிவுள்ளவர் இன்சுலினை ஒருபோதும் முழுமையாக நிறுத்தக் கூடாது. அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை வைத்தியரிடம் கேட்டுத் தீர்மானிக்கலாம். நிறுத்துவது என்பது தெரிவில் இல்லை. வருத்தமான நாளில் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சீனி பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் நீராகாரம் குடிக்க வேண்டும். சீனி ஏறியிருந்தால் இனிப்பில்லாத நீராகாரம். இறங்கிக்கொண்டு வந்தால் கஞ்சி, இளநீர், சீனி போட்ட தேத்தண்ணீர். சீனி 250 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் கீற்றோனைப் பார்க்க வேண்டும். இரண்டு பிளஸோ அதற்கு மேலோ காட்டினால், அல்லது குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால், வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மேல் பிரிவுகளிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு வந்து சேர எடுக்கும் நேரத்தையும் மழைநாள் பாதையையும் கணக்கில் எடுத்தால், நகரத்தில் இருப்பவரைவிட நாம் முன்கூட்டியே புறப்பட வேண்டியவர்கள்.

ஊசியை ஒழுங்காகப் போட்டும் கீற்றோன் வருவதுண்டு. அப்போது மருந்துக் குப்பி இருந்த இடத்தைப் பாருங்கள். குளிரூட்டி இல்லாத லயங்களில் இன்சுலினை வைக்க நம் மலைக் காலநிலை உண்மையில் உதவிதான் செய்கிறது. திறந்த குப்பி சாதாரணமாக 30 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் ஏறக்குறைய 4 வாரம் தாங்கும். ஆனால் எலிக்குப் பயந்தும் பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது என்றும் அதை அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சூட்டில் இன்சுலின் செத்துவிடும், பார்வைக்கு மட்டும் அப்படியே இருக்கும்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரத்தில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஏற்றப்பட்டபோது, மருந்து வேலை செய்ததற்கான முக்கிய சான்றுகளில் ஒன்றாக வைத்தியர்கள் குறித்து வைத்தது அவனுடைய சிறுநீரிலிருந்து கீற்றோன் மறைந்துபோனதைத்தான். நாங்கள் இன்று எளிதாக எழுதிவிட்டுப் போகும் ‘நில்’ என்ற சொல் அன்று ஓர் உயிர் மீண்ட செய்தியாக இருந்தது.

இனி, எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பட்டி பொய் சொல்லக்கூடும். சிறுநீர்ப் பட்டியில் இருப்பது சோடியம் நைத்திரோபுருசைட்டு. அது அசெற்றோஅசெற்றிக் அமிலத்தைத்தான் ஊதாவாகக் காட்டும்; பீற்றா ஐதரொக்சிபியூற்றிரிக் அமிலத்தை அது காணவே காணாது. டீ.கே.ஏ.யில் அதிகமாக இருப்பது இரண்டாவதுதான். ஆகவே கடுமையான நிலையிலும் பட்டி சற்றுக் குறைவாகக் காட்டலாம். சிகிச்சை தொடங்கிய பிறகு அந்த இரண்டாவது அமிலம் முதலாவதாக மாறுவதால், ஆள் தேறிக்கொண்டிருக்கும்போதே சிறுநீரில் பிளஸ் குறி நீடிக்கும், சில வேளை கூடவும் செய்யும். வார்ட்டுக்கு வெளியே நிற்கும் உறவினர்கள் ‘மருந்து பிடிக்கவில்லை’ என்று கலங்க வேண்டியதில்லை. விரல் இரத்தத்தில் கீற்றோன் அளக்கும் மீற்றர் இந்தக் குறையை நீக்குகிறது: அதில் 0.6 மில்லிமோலுக்குக் கீழே இயல்பு, 1.5 ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது, 3 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர நிலை. ஆனால் அதன் பட்டிகள் விலை கூடியவை. எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை. நம்மில் பெரும்பாலானோருக்கு இருப்பது சிறுநீர்ப் பட்டிதான் என்பதால் அதைச் சரியாகக் கையாளத் தெரிய வேண்டும்.

பட்டிப் போத்தலின் மூடி திறந்திருந்தால் காற்றின் ஈரம் அதைக் கெடுத்துவிடும். நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் பகல் வேளையிலேயே பனி அறைக்குள் வந்து போகிறது. இங்கே இரண்டு நாள் மூடாமல் விட்ட பட்டி, கீற்றோன் நிறைந்த சிறுநீரிலும் ‘நில்’ காட்டலாம். ஈரத்தை உறிஞ்சுவதற்காக உள்ளே வைத்திருக்கும் சிறு பொட்டலத்தை எறிந்துவிடாதீர்கள், போத்தலைக் குளிரூட்டியிலும் வைக்காதீர்கள். சிறுநீரும் பழசாகக் கூடாது. விடியற்காலை எடுத்த சிறுநீரைப் போத்தலில் அடைத்து, முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, இரண்டாவது பஸ்ஸில் பத்து மணிக்குக் கொண்டு வரும்போது, உள்ளிருந்த அசெற்றோஅசெற்றிக் அமிலம் அசெற்றோனாக மாறி ஆவியாகியிருக்கும். கிருமிகளும் அதைத் தின்றிருக்கும். முடிந்தால் ஆய்வுகூடத்துக்கு வந்த பிறகே கழிப்பறையில் எடுத்துக் கொடுப்பது நல்லது. மறுபக்கத்தில், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் கப்டோபிரில், நடுக்கவாதத்துக்குக் கொடுக்கும் லெவோடோபா போன்ற சில மருந்துகள் கீற்றோன் இல்லாத சிறுநீரிலும் நிறத்தைக் காட்டிவிடும். என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

மருந்து என்று வந்தபோது, சில ஆண்டுகளாகப் பரவலாக எழுதப்படும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இவை நீரிழிவுக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிகவும் பயனுள்ளவை. சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றியே வேலை செய்கின்றன. ஆகவே இவற்றைக் குடிப்பவரின் ரிப்போர்ட்டில் சீனி வரியில் எப்போதும் பிளஸ் குறிகள் நிறைந்திருக்கும்; அது மருந்தின் வேலை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இவற்றைக் குடிக்கும் சிலருக்கு இரத்தச் சீனி 160, 180 என்று சாதாரணமாகத் தெரியும்போதே டீ.கே.ஏ. வந்துவிடும். 2015 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. ‘சீனி நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற ஆறுதல் இங்கே உதவாது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் சீனி எதுவாக இருந்தாலும் கீற்றோனைப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட முடியாத வருத்தத்தின்போதும் விரதத்தின்போதும் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் குறைந்தது 3 நாள் இவற்றை நிறுத்துவார்கள்; ஆகவே சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுக்கும்போதே இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

குடியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. சம்பளம் கிடைத்த கையோடு நாள் கணக்கில் சாராயமோ கசிப்போ குடித்து, சோறு தின்னாமல், பிறகு வாந்தி எடுத்துக்கொண்டு கிடப்பவருக்கும் இரத்தம் கீற்றோனால் அமிலமாகும். அவருக்கு நீரிழிவு இருக்க வேண்டும் என்பதில்லை. சீனி இறங்கியும் இருக்கலாம். இந்த நிலையில் பீற்றா ஐதரொக்சிபியூற்றிரிக் அமிலமே மிக அதிகம் என்பதால் பட்டி ஒரு பிளஸ் மட்டுமே காட்டக்கூடும். வெறி இறங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்துவிட்டுப் போகாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போனால், பி1 விற்றமினுடன் குளுக்கோசுச் சேலைன் ஏற்றிப் பெரும்பாலும் விரைவாகத் தேற்றிவிடுகிறார்கள்.

உடம்பு மெலிய வேண்டும் என்று யூடியூப் பார்த்து மாச்சத்தை அறவே நிறுத்தும் இளைஞர்கள் பட்டி வாங்கி ஊதா நிறத்தைத் தேடுகிறார்கள். ஆரோக்கியமானவருக்கு அந்த அளவுக் கீற்றோன் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. முதலாம் வகை நீரிழிவுள்ளவரும், மேலே சொன்ன மாத்திரைகளைக் குடிப்பவரும், கர்ப்பிணிகளும் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. பால் கொடுக்கும் தாய்மாரும் அப்படித்தான். பால் சுரக்க உடம்பு நிறையக் குளுக்கோசைச் செலவிடுவதால், நீரிழிவு இல்லாத தாய்மாருக்கே மாச்சத்தை அதிகமாகக் குறைத்தபோது இரத்தம் அமிலமான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வீட்டில் முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளை இருப்பவர்கள் ஒரு போத்தல் கீற்றோன் பட்டியை வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. திறந்த நாளைப் போத்தலின் மேலேயே எழுதுங்கள். பட்டியை நனைத்த பிறகு எத்தனை வினாடியில் வாசிக்க வேண்டும் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், சிலவற்றுக்கு 15 வினாடி, சிலவற்றுக்கு 40. போத்தலில் உள்ளதைப் பார்த்து, பகல் வெளிச்சத்தில், அந்தப் போத்தலின் நிறங்களுடன் மட்டுமே ஒப்பிடுங்கள். முடிவை எழுதும்போது அதற்குப் பக்கத்திலேயே அந்த நேரத்து இரத்தச் சீனியையும், கடைசியாக ஊசி போட்ட நேரத்தையும், கடைசியாக என்ன சாப்பிட்டது என்பதையும் எழுதி, வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டு போங்கள்.